நோயாளி எந்த மொழியில் பேசுவார்?

1890-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்க நீரிணைக் குடியேற்ற அரசு முயன்றது. நுழைவுத் தேர்வு வைத்தார்கள். தேறியவர்கள் ஒரு வகுப்பு நடத்தப் போதவில்லை. பள்ளி தொடங்காமலேயே திட்டம் கைவிடப்பட்டது. மருத்துவம் கற்க விரும்பிய உள்ளூர் இளைஞர்களுக்கு அரசு காட்டிய வழி மதராஸ். 1835-இல் பள்ளியாகத் தொடங்கி 1850-இல் கல்லூரியான மதராஸ் மருத்துவக் கல்லூரிக்குக் கப்பலேறிப் போய்ப் படித்துவிட்டு வந்து, இங்குள்ள அரசு மருத்துவமனைகளில் வெள்ளைக்கார டாக்டருக்குக் கீழே வேலை பார்க்கவேண்டும்.

அதே ஆண்டுகளில் அதே கடல்வழியில் எதிர்த்திசையில் தமிழர்கள் தோட்டக் கூலிகளாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வந்த கதையை நாம் நாவலாக, கட்டுரையாக, மேடைப்பேச்சாக எத்தனையோ முறை சொல்லிவிட்டோம். இங்கிருந்து படிக்கப் போனவர்களின் கதையைச் சொன்னதில்லை. சொன்னாலும் அது 'இன்னார் மகன் டாக்டராகி வந்தான்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். நடுவில் இருந்த ஐந்தாறு வருடங்கள் அந்த வரியில் இருக்காது.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன். பம்புக்கும் பாலத்துக்கும் தாய்மொழி கிடையாது. கணக்கு சரியாக இருந்தால் எங்கே படித்தாலும் வேலை நடக்கும். மருத்துவம் அப்படியில்லை. மூன்றாம் ஆண்டு வாக்கில் மாணவன் வார்டுக்குள் போகிறான். கட்டிலில் படுத்திருப்பவரிடம் எங்கே வலி, எப்போதிலிருந்து, எப்படிப்பட்ட வலி என்று கேட்டுக் கோர்வையாக எழுதவேண்டும். மாணவர்கள் இதை 'ஹிஸ்டரி எடுப்பது' என்பார்கள். நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும் என்று எல்லா மருத்துவ ஆசிரியர்களும் சொல்வார்கள். நோயாளி பேசும் மொழி மாணவனுக்குத் தெரியாவிட்டால் அந்தப் பாதி போய்விடும்.

இந்த நாட்டிலிருந்து மருத்துவம் படிக்க வெளியே போனவர்களின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம். போன இடத்தில் நோயாளி எந்த மொழியில் பேசினார்? திரும்பி வந்த இடத்தில் எந்த மொழியில் பேசினார்?

அரசியின் உதவித்தொகை

மதராஸ் கீழ்நிலைப் பணிக்கான வழி. மேல்நிலைக்கான வழி பிரிட்டன். 1885-இல் ஏற்படுத்தப்பட்ட குயின்ஸ் ஸ்காலர்ஷிப் வழியாக ஒவ்வோர் ஆண்டும் மிகச்சிலர் அங்கே போனார்கள். சிங்கப்பூரின் லிம் பூன் கெங் 1887-இல் அதைப் பெற்ற முதல் சீனர். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1892-இல் பட்டம் பெற்றார். அவரைப் பற்றிப் பலமுறை சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. அங்கே ஓர் ஆசிரியர் ஒரு சீன எழுத்துச் சுருளைக் கொடுத்து வாசித்துச் சொல்லச் சொன்னார். பூன் கெங்குக்கு வாசிக்கத் தெரியவில்லை. சீன மொழியை ஆழமாகக் கற்கும் ஆசை அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததாகச் சொல்கிறார்கள். உடற்கூறியலில் அவருக்குப் பிரச்சினை இல்லை. 'நீ சீனன்தானே' என்ற கேள்விக்கு அவரை யாரும் தயார்ப்படுத்தி அனுப்பவில்லை.

பினாங்கில் 1879-இல் பிறந்த வூ லியென் தே 1896-இல் அதே உதவித்தொகையைப் பெற்று, கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரிக்குப் போனார். பரிசுகளாக வாங்கிக் குவித்தார். 1903-இல் திரும்பி வந்து கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்டிருந்த மருத்துவ ஆய்வுக் கழகத்தில் சிறிது காலம் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். அதற்கு மேல் ஏற ஏணி இல்லை. அரசு மருத்துவச் சேவையின் உயர்பதவிகள் ஐரோப்பியர்களுக்கு மட்டுமே. பினாங்கில் சொந்தமாக கிளினிக் வைத்தார். 1908-இல் சீனாவுக்குப் போய்விட்டார். 1910-இன் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது அதை அடக்கிய மருத்துவராக உலகம் இன்று அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் வளர்ந்த அவர் மாண்டரினைக் கற்றது வளர்ந்த பிறகுதான்.

இந்த இருவரைவிடத் திறமையாகத் தயாரானவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. அவர்களுக்குமே படிப்பு சரியாகவும் சுற்றியிருந்தவை இடறலாகவும் இருந்தன. ஒருவர் போன இடத்தில் இடறினார், மற்றவர் திரும்பிய இடத்தில். வெளிநாட்டுப் படிப்பு என்றால் போகும் வழியை மட்டும் யோசிப்பது அன்றிலிருந்தே நமக்குப் பழக்கம்.

1904-இல் தான் ஜியாக் கிம் தலைமையில் சீனர்களும் பிற சமூகத்தவரும் ஆளுநரிடம் மனு கொடுத்தார்கள். பிள்ளைகளை வெளியே அனுப்புவதை விட்டுவிட்டு இங்கேயே ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்றார்கள். மனுவோடு நிற்கவில்லை, 87,077 டாலர் திரட்டினார்கள். அதில் 12,000 டாலர் ஜியாக் கிம் கொடுத்தது. 1905-இல் சிங்கப்பூர் சிப்பாய் லைன்ஸ் பகுதியில், முன்பு பெண்களுக்கான மனநோய் விடுதியாக இருந்த கட்டடத்தில், 23 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. பின்னர் அது ஏழாம் எட்வர்ட் மன்னர் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரியானது. 1916-இல் அதன் பட்டயத்தை பிரிட்டிஷ் மருத்துவ கவுன்சில் ஏற்றுக்கொண்டது.

அந்தப் பள்ளி மாணவன் வார்டுக்குப் போனால் கட்டிலில் இருந்தவர் அவனுடைய தெருவில் கேட்கும் மொழிகளில் ஒன்றைத்தான் பேசினார். மலாய், ஹொக்கியன், தமிழ். வெளியே போவதால் வரும் பல சிக்கல்களுக்கு ஒரு சமூகம் பணம் போட்டுக் கண்ட விடை அது.

தோட்டத்து டிரஸர்

சிங்கப்பூர் கல்லூரி இருந்தும் தோட்டங்களுக்கு டாக்டர்கள் எளிதில் வரவில்லை. எப்போதாவது வெள்ளைக்கார டாக்டர் காரில் வந்து போவார். மற்ற நாட்களில் மருந்து கொடுத்தவர் டிரஸர். தமிழ் தெரிந்தவர். 'தலை கிறுகிறுங்குது', 'நெஞ்சு கரிக்குது', 'வயித்துல பெரட்டுது' என்று வந்து நின்றவர்களின் பேச்சை டாக்டர் புத்தகத்தின் ஆங்கிலத்துக்கு மாற்றியவர் அவர். வரலாற்றில் அவர் பெயர் மருந்து கலக்கியவர் என்று மட்டும் பதிவாகும். உண்மையில் அவர் மொழிபெயர்ப்பாளர். எங்கள் பாட்டி கடைசி வரைக்கும் 'பெரிய டாக்டருக்கு ஒன்னும் தெரியாது, டிரஸர் ஐயாதான் டாக்டர்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் வேடிக்கை மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் டாக்டர் டி. ஜே. தனராஜ் தலைமையில் உருவாகி, 1964-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. நாட்டுக்குள் ஒரே ஒரு மருத்துவ பீடம் என்ற நிலை 1970-களின் தொடக்கம் வரை நீடித்தது. இடம் குறைவு. 1971-க்குப் பிறகு புதிய பொருளாதாரக் கொள்கையின் இட ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது. எஸ்.டி.பி.எம். தேர்வில் சிறந்த புள்ளிகள் எடுத்தும் மருத்துவ இடம் கிடைக்காத இந்திய மாணவர்களைப் பற்றிய செய்தி, ரிசல்ட் வரும் காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தது. இன்றும் வருகிறது.

வசதியுள்ளவர்களுக்கு பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா. லண்டனுக்குப் போனவர்களுக்குத் தங்கவும் சாப்பிடவும் நம் ஆட்களைப் பார்க்கவும் பிரையன்ஸ்டன் சதுக்கத்தில் மலாயா ஹால் இருந்தது. அரசு செலவில் நடந்த அந்த இடம், படிக்க வந்தவன் அந்நிய ஊரில் பழகிக்கொள்ள ஒரு கூரை வேண்டும் என்று அரசே ஒத்துக்கொண்டதற்குச் சாட்சி. சொந்தக் காசில் மற்ற ஊர்களுக்குப் போனவர்களுக்கு அந்தக் கூரையாக இருந்தவர்கள் பெரும்பாலும் சீனியர்கள்.

எல்லி நோவு

நடுத்தரக் குடும்பங்களுக்கு இந்தியா. டி. எம். ஏ. பை 1953-இல் மணிப்பாலில் தொடங்கிய கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி இந்தியாவின் முதல் சுயநிதி மருத்துவக் கல்லூரி. மலேசிய டாக்டர்களில் அங்கே படித்தவர்களை இன்று எந்த ஊர் கிளினிக்கிலும் பார்க்கலாம். கர்நாடகத்தின் மற்ற ஊர்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் பலர் போனார்கள்.

பெற்றோர் மனதில் இருந்த கணக்கு எளிமையானது. இந்தியா என்றால் நம்ம ஊர், சோறு கிடைக்கும், கோயில் இருக்கும், பிள்ளை தமிழ் பேசிச் சமாளித்துக்கொள்ளும். சோறும் கோயிலும் சரி. மணிப்பால் இருப்பது கர்நாடகத்தின் கடற்கரைப் பகுதியில். அங்கே மருத்துவமனைக்கு வருபவர்கள் கன்னடம், துளு, கொங்கணி பேசுபவர்கள்.

என் பெரியம்மா மகள் கர்நாடகத்தில்தான் படித்தார். வார்டுக்குப் போன முதல் வாரத்தைப் பற்றி ஒருமுறை சொன்னார்: "கன்னடம் தேவைப்படும்னு போறதுக்கு முன்னால ஒருத்தரும் சொல்லல தம்பி. என் முகத்தப் பாத்தா உள்ளூர் பொண்ணு மாதிரி இருக்கு. நோயாளி கடகடன்னு பேசுறாங்க. கூட வந்த வெள்ளைக்காரப் பொண்ணுக்கு மெதுவா கையக் காட்டிச் சொல்றாங்க. எனக்குப் புரியலன்னா கோபப்படுறாங்க."

முகம் பொருந்தியதால் வந்த சிக்கல் இது. எடின்பரோவில் பூன் கெங்கிடம் சுருளை நீட்டிய ஆசிரியரின் அதே எதிர்பார்ப்பு, வேறு ஊரில், வேறு நூற்றாண்டில்.

அக்காவுக்குக் கைகொடுத்தது ஒரு சொல். கன்னடத்தில் 'எங்கே வலி' என்று கேட்க 'எல்லி நோவு' என்பார்கள். நோவு. நம் பாட்டிகள் 'காலு நோவுது' என்று சொன்ன அதே சொல். நாம் வலி என்று பழகி, நோவைக் கிழவிகளின் பேச்சு என்று ஒதுக்கிவிட்டோம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் மற்றதைக் கற்றார். துளு பேசும் நோயாளி வந்தால் அது 'பேனே' ஆகிவிடும். அதற்கு ஒரு சீனியர் எழுதி வைத்திருந்த நோட்டு இருந்தது. பத்து இருபது கேள்விகள், மூன்று மொழிகளில், ஆங்கில எழுத்தில். எந்த ஆண்டு யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. கைமாறி, ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ் ஆகி, எழுத்து மங்கிப் போய் அக்காவிடம் வந்திருந்தது. அவர் அதைத் திருத்தி எழுதி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

வார்டை ஊருக்குள் வைத்தவர்கள்

1990-களில் நாட்டுக்குள் வேறொரு விதமான கல்லூரிகள் வந்தன. இதைப் பற்றி நாம் கட்டணத்தை வைத்து மட்டுமே பேசியிருக்கிறோம். ஒரு பொறியாளனாக எனக்கு அவற்றின் வடிவமைப்பு சுவாரஸ்யமானது.

1992-இல் உருவான அனைத்துலக மருத்துவக் கல்லூரி படிப்பின் முதல் பகுதியை இங்கே நடத்திவிட்டு, வார்டு ஆண்டுகளுக்கு மாணவர்களை பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உள்ள கூட்டாளிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. 1996-இல் வந்த பினாங்கு மருத்துவக் கல்லூரி இதைத் தலைகீழாகச் செய்தது. முதல் பாதி டப்ளினில், வார்டு ஆண்டுகள் பினாங்கில். 1997-இன் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரியும் அப்படியே. உடற்கூறியல், உடலியங்கியல் எல்லாம் மணிப்பாலில். நோயாளியைப் பார்க்கும் காலம் மலாக்காவில்.

மருத்துவமனை இடவசதி, செலவு, அங்கீகாரம் என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். விளைவு முக்கியம். பினாங்கிலும் மலாக்காவிலும், மொழி அதிகம் தேவைப்படாத ஆண்டுகளை வெளியே வைத்து, மொழியே எல்லாமாக இருக்கும் ஆண்டுகளை ஊருக்குள் வைத்துவிட்டார்கள். மாணவன் விடுதி, சாப்பாடு, தனிமை எல்லாவற்றுக்கும் அந்நிய ஊரில் பழகிக்கொள்ள வேண்டும்தான். ஆனால் 'எங்கே வலி' என்று முதன்முதலில் கேட்கும்போது பதில் அவனுக்குப் பழகிய மொழிகளில் வரும்.

2001-இல் ம.இ.கா.வின் கல்வி அறவாரியம் உருவாக்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் கெடாவின் செமெலிங்கில் எழுந்தபோது, 1904-இல் ஜியாக் கிம் யோசித்ததைத்தான் நம் சமூகமும் யோசித்தது. கட்சி அரசியலைத் தனியே வைத்துப் பார்த்தால் நோக்கம் ஒன்றே. பிள்ளைகள் கடல் கடக்காமல் டாக்டராக வேண்டும். ஆனால் அங்கும் கட்டணம் எல்லாருக்கும் எட்டவில்லை. எட்டாதவர்களுக்கு வேறொரு வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது.

தமிழ் எழுத்தில் ரஷ்யன்

சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு ரஷ்யா, உக்ரேன் மருத்துவப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கில வழி வகுப்புகளைத் திறந்தன. இங்கே தனியார் கல்லூரியில் ஆகும் செலவைவிட மிகக் குறைவு. மாஸ்கோ, வோல்கோகிராட், நிஸ்னி நோவ்கொரோட், கூர்ஸ்க், கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் என்று, தோட்டத்தை விட்டு வெளியே வந்து ஒரே தலைமுறை ஆன வீடுகளில் பேர் தெரிந்த ஊர்களாயின. ஊழியர் சேமநிதியை எடுத்தும் வீட்டை அடமானம் வைத்தும் பெற்றோர் அனுப்பினார்கள். 2005-இல் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கான அங்கீகாரத்தை அரசு விலக்கிக்கொண்டபோது, இந்திய சமூகத்தில் அது பெரிய அரசியல் பிரச்சினையாக வெடித்ததற்குக் காரணம் அதுதான். அங்கே போயிருந்தவர்கள் நம் பிள்ளைகள்.

அந்தச் சர்ச்சையில் எல்லாரும் பட்டியலைப் பற்றியே பேசினார்கள். எந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்பதே பேச்சு. 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் வைத்திருக்கும் அந்தப் பட்டியல் அவசியமானது. ஆனால் ஒரு மாணவன் அங்கே எப்படித் தாக்குப்பிடிப்பான் என்பதைப் பட்டியல் சொல்லாது.

என் இடைநிலைப்பள்ளி நண்பன் ஒருவன் ரஷ்யாவுக்குப் போனான். போவதற்கு முன் ஓர் ஏஜெண்ட் நடத்திய விளக்கக் கூட்டத்துக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். குளிர்க்கோட்டு, விமான டிக்கெட், எவ்வளவு மிளகாய்த்தூள் கொண்டு போகலாம் என்பதுவரை சொன்னார்கள். ஒரு தந்தை எழுந்து மொழியைப் பற்றிக் கேட்டார். "எல்லாமே இங்கிலீஷ்தான் அங்கிள், கவலைப்படாதீங்க" என்றார் அந்த இளைஞர். வகுப்பைப் பொறுத்தவரை அது உண்மை. வார்டில் படுத்திருக்கும் ரஷ்யக் கிழவிக்கு ஆங்கிலம் தெரியாது.

நண்பன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். ரஷ்ய வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தான். 'ஷ்தோ வாஸ் பெஸ்பகோயித்?' உங்களுக்கு என்ன தொந்தரவு என்று அர்த்தம். கேட்கக் கற்றுக்கொண்டான். வந்த பதிலைப் புரிந்துகொள்ள இன்னும் இரண்டு குளிர்காலங்கள் ஆயின. அவனோடு போனவர்களில் இருவர் பாதியில் திரும்பிவிட்டார்கள். ஒருவர் இப்போது வேறு துறையில் நன்றாக இருக்கிறார். மற்றவரைக் கல்யாண வீடுகளில் பார்க்க முடிவதில்லை. 'படிக்காம ஊர் சுத்திட்டு வந்துட்டான்' என்று சொல்லி முடித்துவிட்டார்கள். மருத்துவம் அவரைத் தோற்கடித்ததா, மொழியா, நவம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் அறையில் தனியாக உட்கார்ந்திருந்ததா என்று கேட்பதற்கு ஆளில்லை. பட்டம் வாங்கி வந்தவர்களைத்தான் நம் வரலாறு எண்ணுகிறது.

திரும்பி வந்த வார்டு

படித்து முடித்தவர்களுக்கும் இன்னொரு பழகல் காத்திருக்கிறது. ஹவுஸ்மன்ஷிப் 2008 முதல் இரண்டு ஆண்டுகள். வார்டில் இப்போது மொழி மலாய். 'மானா சாக்கிட்?' என்று கேட்கவேண்டும். சாக்கிட் என்றால் நோயும் அதுவே, வலியும் அதுவே. 'அங்கின்' என்று ஒரு மலாய்ப் பாட்டி சொன்னால் அது வெறும் காற்று இல்லை. வயிற்று உப்புசமாக, குடைச்சலாக, சில நேரம் ஆபத்தான வேறொன்றாகவும் இருக்கலாம். நம் ஆட்கள் 'வாயு' என்பதைப் போலத்தான். ரஷ்யனிலோ கன்னடத்திலோ ஹிஸ்டரி எடுக்கப் பழகியவர் இதையெல்லாம் முப்பது மணி நேரம் தூங்காத கண்களோடு புதிதாகக் கற்கவேண்டும்.

2016 டிசம்பருக்குப் பிறகு புதியவர்களுக்கு நிரந்தர வேலையும் உறுதியில்லை, ஒப்பந்தம்தான். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்புச் சட்டையோடு மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றபோது, அவர்களில் எத்தனையோ பேர் கடன் வாங்கிக் கடல் கடந்து படித்து வந்தவர்கள். வூ லியென் தேவுக்கு இல்லாமல் போன ஏணியை நினைத்துக்கொண்டேன். அன்றைய காரணம் நிறம். இன்றைய காரணம் வேறு. படித்து வருபவனுக்கு இங்கே என்ன வைத்திருக்கிறோம் என்று யோசிக்காமல் அனுப்பும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மதராஸ், எடின்பரோ, மணிப்பால், வோல்கோகிராட். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் ஊர்கள் மாறிக்கொண்டே வந்தன. ஒரு ஊரில் கற்றது அடுத்த ஊருக்குப் போகவில்லை. அடுத்த ஊரை விடுங்கள், ஒரே ஊரில்கூட ஐந்து ஆண்டு இடைவெளியில் அறுந்துபோகிறது. காரணம், பழகிக்கொள்ளும் அறிவு முழுவதும் வாய்வழியாகவும் மங்கிய ஜெராக்ஸ் தாள்களிலுமே இருந்தது. கல்லூரிகள் அதைப் பாடமாக்கவில்லை. நம் சங்கங்கள் வழியனுப்பு விழாவில் மாலை போட்டன, படம் எடுத்தன.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. அக்காவின் நோட்டைப் போல, நண்பனின் தமிழ் எழுத்து ரஷ்யனைப் போல, இன்னும் பல வீடுகளின் அலமாரிகளில் நோட்டுகள் கிடக்கும். அவற்றைத் திரட்டி ஊர்வாரியாக ஒழுங்கு செய்தால் ஒரு சிறு நூலாகும். பாதியில் திரும்பியவர்களிடமும் கேட்டு எழுதவேண்டும். எது உடையும் என்பது உடைந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். போவதற்கு முந்திய மூன்று மாதங்களில் ஒரு பிள்ளைக்கு அந்த ஊர் மொழியில் ஐம்பது வாக்கியங்கள் சொல்லிக்கொடுக்க, திரும்பி வந்த ஒரு சீனியர் போதும்.

இந்த ஆண்டு பிள்ளையை அனுப்ப யோசிக்கும் வீடுகளும் இருக்கும். கட்டணம் கேளுங்கள், அங்கீகாரம் கேளுங்கள். அதோடு, மூன்றாம் ஆண்டில் நோயாளி எந்த மொழியில் பேசுவார், அந்த மொழியை என் பிள்ளைக்கு யார், எப்போது சொல்லிக்கொடுப்பார் என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் தெரியாதவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.